ஒரே பேரில் ஏழு வீட்டுப் பணம்

அவரைக் கஞ்சி அக்கா என்று முதலில் கூப்பிட்டது யார் என்று யாருக்கும் நினைவில்லை. யாராக இருந்தாலும் ஆளைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடம் ஒன்றில், கட்டிடத்தின் அடித்தளத்தில், நீராவி இஸ்திரி இயந்திரத்தின் முன்னால் நிற்பதுதான் அவர் வேலை. ஈரமும் கசங்கலுமாக வரும் படுக்கை விரிப்புகள் அவர் கையைத் தாண்டிப் போகும்போது மொடமொடவென்று விறைத்துக்கொண்டு போகும். ஆளும் அப்படியேதான். முதுகும் வளையாது, பேச்சும் வளையாது. சிரிப்பு வந்தால்கூட வாய்க்குள்ளேயே மடித்து வைத்துவிடுவார்.

இந்த நாட்டுக்கு வரும்போது அவர் கஞ்சி அக்காவாக இல்லை, ஒரு சமையல்காரரின் மனைவியாக வந்தார். ஆறு வயது மகளை ஊரில் தன் அண்ணனிடம் விட்டுவிட்டு, "ஒரு வருஷம்தாண்டி தங்கம், அம்மா வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த வருஷம் முடிவதற்குள் புருஷன் அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அழக்கூட நேரம் கிடைக்கவில்லை அக்காவுக்கு. புருஷனுடைய அனுமதியில் வந்தவர் என்பதால், அவர் போனதும் இவரும் கிளம்ப வேண்டும் என்று கடிதம் வந்துவிட்டது. சலவைக்கூடத்துக்காரர் வேலை கொடுத்து, சொந்தப் பேரில் அட்டை வாங்கிக் கொடுத்ததால் தப்பித்தார். அந்த அட்டையை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு இங்கே இருக்கலாம், வேலை பார்க்கலாம். பிள்ளையைக் கூப்பிட முடியாது. அதற்கு நிரந்தர அனுமதி வேண்டும். அது கிடைத்தாலும், பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடிவதற்குள் மனு உள்ளே போய்விட வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது பிள்ளை இல்லை.

நிரந்தர அனுமதிக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தபோது மகளுக்குப் பதினேழு முடிந்திருந்தது.

இனி அக்காவின் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. ஊருக்குப் பணம் அனுப்பும் கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒருத்தர், அவருக்குப் பின்னால் வரிசையாகத் தொங்கும் செல்போன் உறைகள். அங்கே பணம் அனுப்ப வேண்டுமென்றால் செல்லுபடியாகும் அட்டையைக் காட்ட வேண்டும். அட்டை இல்லாதவர்கள் என்ன செய்வது? அவர்கள் யாரும் வேலி தாண்டி வந்தவர்கள் இல்லை. எல்லாரும் முறையாக விமானத்தில் வந்து இறங்கியவர்கள்தான். ஒருத்தரைக் கூட்டி வந்த கம்பெனி மூடிக்கொண்டு போனது, ஒருத்தரின் ஏஜெண்ட் புதுப்பித்துத் தருகிறேன் என்று காசை வாங்கிக்கொண்டு காணாமல் போனார். அட்டை காலாவதியானதும் ஆளும் காலாவதி என்றால், ஊரில் இருக்கிற பெண்டாட்டி பிள்ளைகளின் பசியும் காலாவதியாகிவிடுமா?

முதலில் கேட்டு வந்தவர் மேஸ்திரி. தரையில் டைல்ஸ் ஒட்டுகிறவர், அக்கா குடியிருக்கும் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இருப்பவர். மனைவிக்கு ஆபரேஷன், இந்த ஒரு தடவை உங்க பேரில் அனுப்பிக் கொடுங்கள் என்று படியில் நின்று கேட்டார். அக்கா முறைத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் மேஸ்திரியோடு இன்னொருத்தர் வந்தார். அதற்கடுத்த மாதம் சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் சகோதரிகள் வந்தார்கள். பிறகு ராத்திரி முழுக்க ஓட்டலில் பாத்திரம் கழுவிவிட்டுப் பகலில் உட்கார்ந்த இடத்திலெல்லாம் தூங்குகிற தூங்குமூஞ்சி வந்தான். இன்னும் இரண்டு பேரும் சேர்ந்துகொள்ள, கடைசியில் தன் வீட்டையும் சேர்த்து ஏழு வீட்டுக்கு அக்கா தன் ஒரே பேரில் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஒரு பைசா எடுத்தது கிடையாது. அதற்குப் பதிலாக வாய்க்கு வந்தபடி திட்டும் உரிமையை எடுத்துக்கொண்டார். "என்ன, போன மாசத்தைவிடக் கம்மியா இருக்கு? எந்தக் கடையில கொண்டுபோய்க் கொட்டினே?" என்று தூங்குமூஞ்சியைப் பிடித்து உலுக்குவார். அவன் கொட்டாவி விட்டுக்கொண்டே பாக்கெட்டிலிருந்து மீதியை எடுத்துக் கொடுத்துவிடுவான். ஊரில் இருக்கிற அவன் அம்மா இந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் அக்காவுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டிருப்பார்.

எட்டு வருஷம் இப்படியே போனது. நிரந்தர அனுமதி வரும் என்று தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு, குடியேற்ற அலுவலகத்தில் விசாரணைக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது.

அந்த அறையில் மேசையும் மூன்று நாற்காலியும் ஒரு தொலைபேசியும் இருந்தன. அதிகாரி கண்ணாடி போட்ட நடுவயதுக்காரர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவர் தன் மொழியில் கேட்பார். தொலைபேசிக்குள் இருந்த மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்வார். அந்தம்மா வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர் போலிருக்கிறது, பின்னால் ஒரு குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது.

"உங்க சம்பளம் இவ்வளவுன்னு கம்பெனி சொல்லுது. ஆனா அதைப் போல அஞ்சாறு மடங்கு பணம் மாசாமாசம் உங்க பேர்ல வெளியே போயிருக்கு. பணம் அனுப்புற கடைகள்லேருந்து எங்களுக்குப் பட்டியல் வந்திருக்கு. இந்தப் பணம் எங்கேருந்து வந்துதுன்னு கேக்குறாரு."

அந்தக் கடையில் கொடுத்த விவரம் கண்ணாடியைத் தாண்டி எங்கும் போகாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். அதிகாரி பட்டியலை அவர் பக்கம் திருப்பி, வாங்கியவர்களின் பேரை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, இது யார் என்று கேட்டார்.

இங்கேதான் அக்கா அந்தத் தப்பைச் செய்தார். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. மேஸ்திரியை எட்டு வருஷமாக அண்ணே என்று கூப்பிடுகிறவர், அவர் மனைவியை வேறு என்னவென்று சொல்வார்? "அண்ணி" என்றார். தூங்குமூஞ்சியின் அம்மா பேரைத் தொட்டதும் "அத்தை" என்றார். மடிக்கிற பெண்களின் அப்பா "சித்தப்பா" ஆனார். தொலைபேசி ஒவ்வொன்றையும் பத்திரமாக அந்த மொழிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க, அதிகாரி குடும்ப மரம் ஒன்றை வரைந்துகொண்டே வந்தார். வரைந்து முடித்து, அக்காவின் பழைய விண்ணப்பத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"நீங்க முன்னாடி எழுதிக் கொடுத்ததுல கூடப்பிறந்தவர் ஒரே ஒரு அண்ணன்தான். அப்பா, அம்மா ரெண்டு பேரும் வீட்டுக்கு ஒத்தைப் பிள்ளைன்னும் எழுதியிருக்கீங்க. இப்ப இத்தனை பேர் எப்படி வந்தாங்கன்னு கேக்குறாரு."

தொலைபேசிக்குள் இருந்த குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. முடிவில் அதிகாரி நிதானமாகச் சொன்னார்: இது உங்கள் சம்பாத்தியம் என்றால் அனுமதியில்லாத தொழில் ஏதோ செய்கிறீர்கள், அட்டை போய்விடும். அடுத்தவர்கள் பணம் என்றால் யார் யாருடையது என்று எழுதிக் கொடுங்கள், உங்கள் கோப்பு நகரும். ஒரு மாதம் தருகிறேன்.

அன்று மகளிடம் பேசும்போது அக்காவால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மகள் பொறுமையாகக் கேட்டாள்.

"அவங்க பேரை எழுதிக் குடுத்துட்டா உனக்குக் கெடைச்சுடுமாம்மா?"

"கெடைச்சுடும்னுதான் சொல்றாங்க."

"அப்ப எழுதிக் குடுக்க வேண்டியதுதானே?"

அக்கா மேஸ்திரி மனைவியின் ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

"பதினோரு வருஷமா நான் வரிசையில நிக்கிறேன்மா. நடுவுல வந்தவங்களுக்காக என்னை மறுபடியும் பின்னாடி தள்ளாதே." சொல்லிவிட்டு மகள் போனை வைத்துவிட்டாள்.

பிள்ளை கேட்டதில் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. அதனால்தான் அக்காவுக்கு அப்படி வலித்தது. மறுநாள் இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு, நீராவி கண்ணில் பட்டுவிட்டது என்று சாக்குச் சொல்லிச் சொல்லி அழுதார். மடிக்கிற பெண்கள் இரண்டு பேரும் நம்பியதாகக் காட்டிக்கொண்டார்கள்.

ஏழைகளுக்குச் சட்ட உதவி செய்யும் இடத்தில் ஒரு வக்கீலம்மா இருந்தார். இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் பேசிப் பழகிய தமிழ். அவசரத்தில் பேசினால் ஒருமை பன்மையெல்லாம் முட்டிக்கொள்ளும். முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க பேர் சொல்லலைன்னா அவங்களைக் காப்பாத்திட்டதா நினைக்கிறீங்க. அது கிடையாது. பணம் வாங்கினவங்க பேர் எல்லாம் ஏற்கெனவே ஆபீஸ்காரங்க கையில இருக்கு. அந்தப் பொண்ணோட புருஷன் யாரு, இந்தம்மாவோட பிள்ளை யாருன்னு தேட அவங்களுக்குத் தெரியாதா? இன்னைக்கு இல்லைன்னா நாளைக்குத் தேடி வருவாங்க."

"அப்ப நானே காட்டிக் குடுத்துட்டேனா?"

"நீங்க காட்டிக் குடுக்கலை. அந்தக் கடை ரசீது காட்டிக் குடுத்துடுச்சு. ஆனா ஒண்ணு கேளுங்க. அஞ்சு வருஷத்துக்கு மேல இங்கேயே இருந்து வேலை பாத்தவங்க, அதை நிரூபிச்சா அனுமதி கேக்கலாம்னு ஒரு சட்டம் இருக்கு. அவங்கல்லாம் ஏன் இதுவரைக்கும் கேக்கலை?"

ஏன் கேட்கவில்லை என்பது அக்காவுக்குத் தெரிந்த கதைதான். வாடகை இன்னொருத்தர் பேரில், சம்பளம் கையில், கரண்டு பில் வீட்டுக்காரர் பேரில். இந்த நாட்டில் இருந்ததற்கு அடையாளமாக ஒரு துண்டுக் காகிதம்கூட அவர்களிடம் இல்லை.

அதிகாரி அக்காவிடம் கொடுத்தனுப்பிய பட்டியலின் நகல் மேசையில் இருந்தது, வக்கீலம்மா அதைத் தட்டினார். "இதோ இருக்கே. மேஸ்திரியோட மனைவிக்கு மாசம் தவறாம எட்டு வருஷம் பணம் போயிருக்கு. அது அவர் சம்பாதிச்ச பணம்னு நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, அவர் இங்கே இருந்ததுக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேணாம். அவங்க கண்டுபிடிச்சு வர்றதுக்கு முன்னாடி இவரே போய் நிக்கணும். அவ்வளவுதான்."

"என் கதி?"

வக்கீலம்மா மழுப்பவில்லை. "அடுத்தவங்க பணத்தை உங்க பேர்ல அனுப்பினது தப்பு. அபராதம் உண்டு. உங்க அனுமதி தள்ளிப் போகலாம். மறுக்கவும் செய்யலாம். பாப்பாவுக்குப் பதினெட்டு ஆகறதுக்குள்ள வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவின் அறையில் கூட்டம். அறை என்றால் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். கட்டிலில் நாலு பேர், மற்றவர்கள் தரையில். விஷயத்தைச் சொன்னதும் ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். அக்கா எதற்கு அந்த அலுவலகத்துக்குப் போனார் என்று ஒருத்தர். எல்லாரும் ராவோடு ராவாக வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று ஒருத்தர். தூங்குமூஞ்சி அன்றைக்குத் தூங்கவே இல்லை. அவன் வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது; சட்டத்தின் அந்தக் கதவு அவனுக்குத் திறக்காது.

மேஸ்திரி சுவரோரம் உட்கார்ந்து, அறையின் தரையில் ஓரம் பெயர்ந்திருந்த ஒரு டைல்ஸைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். தொழில் புத்தி. கடைசியில்தான் வாயைத் திறந்தார்.

"நான் போறேன்."

"எங்கண்ணே?"

"அந்த ஆபீசுக்குத்தான். எட்டு வருஷமா போலீஸ்காரரைப் பாத்தா எதிர்ப்பக்கம் போயிடுறேன். பல்லு வலிக்குதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போக முடியலை. போதும்கா. நீங்க கையெழுத்துப் போடுங்க, நான் போய் நிக்கிறேன். என்னை அனுப்பிட்டா என் பொண்டாட்டி கையால சாப்பிட்டுட்டுப் போறேன், அதுல என்ன நஷ்டம்?"

யாரோ சிரித்துவிட்டார்கள், உடனே மடிக்கிற பெண்களில் மூத்தவள் அழுதுவிட்டாள். சாயங்காலத்துக்குள் ஐந்து வருஷம் முடித்தவர்கள் எல்லாரும் மேஸ்திரியோடு போவது என்று ஆனது. தூங்குமூஞ்சி பேர் மட்டும் கையெழுத்துத் தாளில் வர வேண்டாம் என்றார் அக்கா. ஆனாலும் அவன் பயந்துவிட்டான். அடுத்த வாரம் அவன் அறை காலியாக இருந்தது. போன் எடுக்கவில்லை. போகிற பிள்ளை சொல்லிவிட்டாவது போயிருக்கலாம் என்று அக்கா பல நாள் திட்டிக்கொண்டிருந்தார். திட்டுகிற அளவுக்கு அந்த வருத்தம் இருந்தது.

அக்கா கையெழுத்துப் போட்டார். அதிகாரி முன்னால் இந்தத் தடவை அண்ணியும் இல்லை, அத்தையும் இல்லை. யார், என்ன வேலை, எத்தனை வருஷமாகப் பழக்கம் என்று நேராகச் சொன்னார். ஒரு பேரை மட்டும் சொல்ல மாட்டேன் என்றார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ஒரு காசு கூடவா எடுத்துக்கொள்ளவில்லை என்று கேட்டார். "எதுக்கு எடுக்கணும்?" என்று அக்கா திருப்பிக் கேட்டார்.

அபராதம் வந்தது. கொஞ்ச நஞ்சமில்லை, கையிருப்பைத் துடைத்துக்கொண்டு போனது. பணம் அனுப்பும் கடைக்காரர், எங்கள் பக்கமே வராதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஆனால் மேஸ்திரிக்குத் தற்காலிக அட்டை வந்தது. மடிக்கிற பெண்களுக்கும் வந்தது. மேஸ்திரி அந்த அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முதல் வேலையாகப் பல் டாக்டரிடம் போனார்.

கடைசியாக, மகளின் பிறந்தநாளுக்குச் சில வாரம் இருக்கும்போது, அக்காவுக்கு நிரந்தர அனுமதி வந்தது. சலவைக்கூடத்தில் அன்று வேலை ஓடவில்லை.

மறுநாளே வக்கீலம்மா மகளுக்கான மனுவை எடுத்து வைத்தார். எழுதிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் பேனாவை நிறுத்தினார். பிள்ளையைக் கூப்பிடுகிறவரின் சம்பளம் இரண்டு பேருக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். வங்கிக் கணக்கைக் காட்ட வேண்டும். அக்காவின் கணக்கில் அபராதம் போக மிச்சமிருந்ததைக் காட்டினால் சிரிப்பார்கள். நிலையான வருமானம் உள்ள இன்னொருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் மனு உள்ளே போகும்.

அக்கா சலவைக்கூடத்துக்காரரைக் கேட்டார். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார், அதன் பிறகு அக்கா இருக்கும் பக்கமே வரவில்லை. மேற்பார்வையாளரைக் கேட்டார். அவருக்கு வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். மேஸ்திரியைக் கேட்க அக்காவுக்கு மனசு வரவில்லை. இப்போதுதான் தலை நிமிர்ந்திருக்கிற மனுஷனிடம் போய் இன்னொரு சுமையை ஏற்றுவதா? செய்த உதவிக்குக் கூலி கேட்பதுபோல் ஆகிவிடாதா? வளையாத முதுகு அதற்கும் வளையவில்லை.

வாயாடிகளான மடிக்கிற பெண்கள் சும்மா இருப்பார்களா? இரண்டு நாள் கழித்து, அக்கா வக்கீலம்மாவிடம் வேறு வழி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது மேஸ்திரி உள்ளே வந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார், முழங்காலில் சிமெண்ட் காய்ந்திருந்தது. பாலிதீன் பையிலிருந்து வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து மேசையில் வைத்தார். கான்ட்ராக்டர் அவரை முறையாகச் சேர்த்துக்கொண்ட நாளிலிருந்து மாசாமாசம் சம்பளம் அதில் ஏறியிருந்தது.

"இது போதுமான்னு பாருங்கம்மா."

வக்கீலம்மா பார்த்தார். "போதும். ஆனா நல்லாப் புரிஞ்சுக்கங்க. இவங்களால அந்தப் பொண்ணைப் பாத்துக்க முடியலைன்னா நீங்க பாத்துக்கணும். அஞ்சு வருஷத்துக்கு உங்க தலையிலதான். இதை முழுசாப் படிச்சுச் சொல்றேன்—"

"படிக்காதீங்க, பயந்துடுவேன். எங்க எழுதணும்னு காட்டுங்க."

"அண்ணே, வேணாம்" என்றார் அக்கா.

"சும்மா இருங்கக்கா. எனக்குன்னு ஒரு பேர் இருக்குன்னு இந்த நாட்டுல எழுதிக் குடுக்குறதுக்கு ஒரு இடம் கெடைச்சிருக்கு. அதையும் கெடுக்காதீங்க."

மேஸ்திரி எழுதினார். பேனா பிடித்துப் பழகாத கை. பேர் கட்டத்தைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்துக்குள் போனது. வக்கீலம்மா அதைப் பார்த்து, பரவாயில்லை, செல்லும் என்றார். அக்கா இந்தத் தடவை நீராவியின் மேல் பழி போடவில்லை. எல்லார் முன்னாலும் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

மனுவைக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிக்கொண்டு, குடியேற்ற அலுவலகத்தின் வாசற்படியில் உட்கார்ந்து அக்கா மகளைக் கூப்பிட்டார்.

"உள்ளே போயிடுச்சுடி. பொறந்தநாளுக்கு முன்னாடியே போயிடுச்சு. இனிமே முடிவு எப்ப வந்தாலும் நீ பிள்ளைதான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுதால் சமாதானப்படுத்த அக்காவுக்குத் தெரியாது, அதனால் வேலையைப் பற்றிப் பேசினார்.

"இங்க குளிரு தாங்காது. தடிமனா ஒரு கோட்டு வாங்கணும். அளவு சொல்லு. என் தோள் வரைக்கும் இருப்பியா?"

மகளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "போன்ல என் மூஞ்சிய மட்டும்தானேம்மா பாத்திருக்கே. நான் உன்னைவிட ஒசரம்."

"எவ்வளவு ஒசரம்?"

"ஒரு சாண் இருக்கும்."

அக்கா எழுந்து நின்றார். படியேறி வருகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று, உச்சந்தலையில் கட்டைவிரலை ஊன்றி, ஒரு சாண் மேலே அளந்து, அந்த இடத்தை அண்ணாந்து பார்த்தார்.